கொடைக்கு நீ கேட்ட பாட்டு

முந்தாநாள் காலையில் உன் செய்தி வந்தபோது நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். கையெல்லாம் செதில். அதனால் ஃபோனைத் தொடாமல் குனிந்து படித்தேன். “ம்மா, ரிசப்ஷன்ல வாசிச்ச பாட்டை பிராக்டிஸ்ல ரெக்கார்ட் பண்ணி வச்சிருப்பீங்கல்ல, அதை அனுப்புங்க. நம்ம ஊர்க் கோயில் கொடைக்கு, அம்மன் ஊர்வலத்துல ஸ்பீக்கர் வண்டியில போடணும்னு பசங்க கேக்காங்க. சினிமாப் பாட்டைவிட உங்க பேண்டு வாசிச்சதுதான் கெத்தா இருக்கு.” கீழே சிரிக்கிற முகம் ஒன்று. கையைக் கழுவிவிட்டு வந்து மறுபடி படித்தேன். உன் எண்தானா என்று பார்த்தேன். உன் எண்தான். கல்யாணக் கோலத்தில் நீயும் மருமகளும் நிற்கிற அதே படம்தான். அன்று குழம்பு வைக்கவில்லை. உன் அப்பா கேட்டதற்குத் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். தலை வலிக்கவில்லை.

உன்னைக் கூப்பிட்டுப் பேசலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் “ம்மா, சும்மா இருங்க” என்று நீ சொல்வாய், என் குரல் உடையும், பேச்சு அதோடு முடிந்துபோகும். எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். பெயர்களை மாற்றி இதைப் பத்திரிகை ஒன்றுக்கும் அனுப்பப் போகிறேன். கோபப்படாதே. உன்னை நாலு பேர் முன்னால் நிறுத்துவதற்காக இல்லை. இப்படிப் பாட்டுப் போடுகிற வண்டி நம் ஊரில் மட்டும் ஓடவில்லை. படிக்கிற தாய்மாரில் ஒருத்தியாவது தன் மகனைக் கூப்பிட்டு, “நீ போடுத பாட்டு யாருக்குக் கேக்கணும்னு போடுதே?” என்று விசாரித்தால் எனக்குப் போதும். நான் விசாரிக்கவில்லை. பாட்டைத் தேர்ந்தெடுப்பதே என் வேலையாக இருந்தும் விசாரிக்கவில்லை.

நீ சின்னவனாக இருந்தபோதே இங்கே டவுனில், மில்லர்புரத்தில், எங்கள் பேண்டு தொடங்கிவிட்டது. பள்ளிக்கூட ஹாலில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடுவோம். துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர்கள், ஆஸ்பத்திரி நர்ஸ், பேக்கரிக்காரர், என்னைப் போல வாத்தியார்கள். சம்பளம் வாங்குகிற பேண்டு இல்லை; ஊர் ஆட்கள் ஊர் ஆட்களுக்காக வாசிக்கிறது. கடற்கரைப் பூங்காவில், பள்ளி ஆண்டு விழாவில், கோயிலில், மாதா கோயிலில், எங்கே கூப்பிட்டாலும் போவோம். நான் பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சர் என்பதால் எந்தப் பாட்டை வாசிப்பது, அதை எந்தக் கருவிக்கு எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்பதெல்லாம் என் தலையில் விழுந்தது. எல்லாருக்கும் தெரிந்த பாட்டாக இருக்க வேண்டும், ஆனால் தெரிந்த பாட்டெல்லாம் பேண்டுக்கு ஆகாது. சில பாட்டின் உயிர், பாடுகிறவர் ஒரு சொல்லை இழுத்து வளைக்கிற இடத்தில் இருக்கும். டிரம்பெட்டின் மூன்று பொத்தான்களுக்கு அந்த வளைவு அகப்படாது. சில பாட்டில் தாளத்தைத் தவிர ஒன்றுமே இருக்காது. கம்ப்யூட்டர் போட்ட தாளத்தை எடுத்துவிட்டால் வெறும் தரை. கடற்கரையில் வாசிப்பதென்றால் காற்று புல்லாங்குழலைத் தூக்கிக்கொண்டு போய்விடும், மெட்டைக் கிளாரினெட்டுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறவருக்கும், வீட்டுக்குப் போய் ‘இன்னைக்கு இதை நான் வாசிச்சேன்’ என்று சொல்லிக்கொள்ள ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

அதற்கு நான் வைத்திருந்த பரீட்சை உனக்கு நினைவிருக்கும். வாயை மூடிக்கொண்டு, சொல் இல்லாமல், மெட்டை மட்டும் முனகுவேன். நீ சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டும். முதல் வரி முடிவதற்குள் நீ பாட்டைச் சொல்லிவிட்டால் அது பேண்டுக்கு ஆகும். நீ முழித்தால் அதை விட்டுவிடுவேன். பள்ளியில் உனக்குக் கணக்கு வரவில்லை, இந்தி வரவில்லை, ஆனால் இதில் நீ தோற்றதே இல்லை. நான் மூச்சை உள்ளே இழுக்கிற விதத்தை வைத்தே சொல்லிவிடுவாய். உன் அப்பா, “ஏளா, இவன் காதை அறுத்து உங்க பேண்டு ஆபீஸ்ல மாட்டி வையி” என்று சிரிப்பார். அந்தக் காது எனக்குப் பெரிய பெருமை. சொல்லே இல்லாமல் ஒரு பாட்டு என்ன என்று தெரிந்துகொள்கிற பிள்ளை.

கல்யாணம் நிச்சயமானதும் நீ ஃபோன் பண்ணி, “ரிசப்ஷனுக்கு உங்க பேண்டுதாம்மா. ஆனா ஒரே ஒரு பாட்டு நான் சொல்லுததை வாசிக்கணும்” என்றாய். நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? என் பிள்ளை மேளக்கச்சேரி வேண்டாம், டிஜே வேண்டாம், அம்மாவின் பேண்டு போதும் என்கிறான் என்று பக்கத்து வீட்டில் எல்லாம் சொன்னேன். நீ அனுப்பிய பாட்டைக் கேட்டேன். சில வருடங்களுக்கு முன் வந்த ஒரு படத்துப் பாட்டு. படத்தை நான் பார்த்ததில்லை. வரிகளில் வாள் வந்தது, வம்சம் வந்தது, மண் வந்தது. கதாநாயகன் வருகிற பாட்டென்றால் இதெல்லாம் வருவதுதானே என்று விட்டுவிட்டேன். என் காது மெட்டில் இருந்தது. நல்ல மெட்டு, இப்போதும் சொல்கிறேன். கீழிருந்து ஒவ்வொரு படியாக ஏறி, உச்சியில் ஒரு சுரத்தில் நின்று, அங்கிருந்து சரிந்து வரும். டிரம்பெட்டுக்கென்றே செய்தது போல இருந்தது. தொடக்கத்தை முத்துராஜுக்குத் தனியாகக் கொடுப்பது என்று அன்றே முடிவு செய்தேன்.

முத்துராஜை உனக்குத் தெரியும், ஆனாலும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். உன் வயதுதான். நம் சொந்த ஊர்க்காரன், ஆனால் கீழத்தெரு. நம் ஆட்கள் வேறு, அவர்கள் ஆட்கள் வேறு. அவனும் அவன் தம்பி செல்வமும் பேண்டில் சேர்ந்த நாளிலிருந்து நம் வீட்டில் எத்தனை முறை சாப்பிட்டிருக்கிறார்கள். செல்வம் டிராம்போன் வாசித்தான். போன வருடம் திடீரென்று நின்றுவிட்டான். கேட்டதற்கு முத்துராஜ், “பைக்ல விழுந்து கையை முறிச்சிக்கிட்டான் டீச்சர்” என்று சொன்னான். நான் ஹார்லிக்ஸ் வாங்கிக் கொடுத்தனுப்பினேன். செல்வத்தின் இடத்தில் பேக்கரிக்காரரை உட்காரவைத்தேன். அதோடு சரி.

பயிற்சி தொடங்கிய முதல் நாளே பாட்டு எழும்பவில்லை. எல்லாருடைய கையிலும் நோட்ஸ் இருக்கிறது, எல்லாரும் தப்பில்லாமல்தான் வாசிக்கிறார்கள், ஆனால் ஏதோ ஈரத் துணியைப் போர்த்தியது போலச் சத்தம் அமுங்கி வந்தது. முத்துராஜின் தனி வாசிப்புதான் எல்லாவற்றிலும் மோசம். கடற்கரையில் அவன் ஊதினால் பூங்காவின் மறுகோடிக்குக் கேட்கும். அவன் இதை மட்டும் சுவருக்கு ரகசியம் சொல்வது போல ஊதினான். நான் குச்சியால் மேசையைத் தட்டி நிறுத்தினேன். “என்னப்பா, தொண்டை அடைச்ச மாதிரி ஊதுதே? கல்யாண வீட்டுப் பாட்டு. நெஞ்சை நிமித்தி ஊது” என்றேன். “சரி டீச்சர்” என்றான். மறுபடி ஊதினான். மறுபடி நிறுத்தினேன். மூன்றாம் முறை அவன் கண்ணை மூடிக்கொண்டு, நான் கேட்டபடியே, நிமிர்ந்து ஊதினான். “இதுதான்!” என்று கை தட்டினேன். எங்கள் பெரிய டிரம்மை அடிக்கிற அந்தோணி அண்ணாச்சி, கீழவைப்பார்க் கடற்கரைக்காரர், டிரம்முக்கு மேலே என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பயிற்சி முடிந்ததும் பக்கத்தில் வந்து, “டீச்சரம்மா, இந்தப் பாட்டேதான் வேணுமா?” என்றார். “மாப்பிள்ளை கேட்டது அண்ணாச்சி, மாத்த முடியுமா?” என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சரி, வயதானவருக்குப் புதுப் பாட்டு பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு கல்யாண நாள்வரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் பிள்ளையை நெஞ்சை நிமிர்த்தி ஊதச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ரிசப்ஷன் அன்று நடந்ததை நீ மேடையிலிருந்து பார்த்தாய். நான் எங்கிருந்து பார்த்தேன் என்று சொல்கிறேன். பக்கத்துப் புதுக்கோட்டையில், மண்டபத்தில் எங்களுக்கு வாசல் பக்கம் இடம் கொடுத்திருந்தார்கள். முதலில் பழைய பாட்டுகள் வாசித்தோம், உன் மாமனார் வந்து கையைப் பிடித்துப் பாராட்டிவிட்டுப் போனார். அப்புறம் உன் பாட்டு. முத்துராஜ் எழுந்து நின்று தொடங்கினான். அவன் இரண்டாவது படிக்கு ஏறுவதற்குள் சாப்பாட்டுப் பந்தியிலிருந்து உன் நண்பர்கள் ஓடிவந்தார்கள். எல்லார் கையிலும் ஒரே நிறத் துண்டு. கல்யாணத்துக்கு எடுத்தது போலும் என்று நினைத்தேன். பேண்டுக்கு முன்னால் நின்று துண்டைச் சுற்றினார்கள், விசில் அடித்தார்கள். நான் சிரித்தேன். ஆமாம், சிரித்துக்கொண்டே கை வீசினேன். எங்கள் பேண்டுக்கு இப்படி ஒரு கூட்டம் எழுந்து ஆடியது இல்லை. பிறகு அவர்கள் நம் சாதிப் பெயரைச் சொல்லிக் கத்தத் தொடங்கினார்கள். ஒருவன் கத்த மற்றவர்கள் பதில் கத்தினார்கள். பெரிய மீசை வைத்த அந்தப் பையன், உன்னோடு கல்லூரியில் படித்தவன், முத்துராஜின் முகத்துக்கு நேராகப் போய் நின்று, தன் துண்டை எடுத்து அவன் கழுத்தில் போட்டான். “ஊதுலே! நல்லா ஊதுலே! உங்க தெருவுக்குக் கேக்கட்டும்!” என்றான்.

முத்துராஜ் ஊதினான். நிறுத்தவில்லை. உச்சி சுரத்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டுமோ அவ்வளவு நேரம் நின்று, சரிந்து இறங்கி, கடைசிச் சுரம்வரை ஊதினான். பேண்டில் மற்றவர்கள் எப்படி வாசித்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. என் கை மட்டும் தாளத்தில் ஆடிக்கொண்டிருந்தது. மேடையில் நீ கை தட்டிக்கொண்டிருந்தாய். முடிந்ததும் அவன் துண்டைக் கழுத்திலிருந்து எடுத்து மடித்து நாற்காலியில் வைத்தான். டிரம்பெட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான். வெளியே நடந்தான்.

நான் பின்னாலேயே ஓடினேன். பைக்குகள் நிற்கிற இடத்தில் பிடித்தேன். “முத்துராஜ், பந்தி போட்டாச்சு, சாப்பிடாம போறியே” என்றேன். அவன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வேடிக்கையாக ஏதோ கேட்டுவிட்டேன் என்பது போல, புரியாமல் பார்த்தான்.

“டீச்சர், ஒங்களுக்கு நெசமாவே தெரியாதா?”

“என்னது தெரியாதா?”

“அது யாரு பாட்டுன்னு நீங்க தெரிஞ்சுதான் எடுத்திருக்கியன்னுலா நாங்க நெனச்சோம். மவன் கல்யாணம், டீச்சரே கேக்காவ, எப்படி மாட்டேன்னு சொல்லுததுன்னு ஊதினேன்.” அவன் உதடு டிரம்பெட்டின் தடத்தோடு சிவந்திருந்தது. “தெரியாதுன்னா அன்னைக்கே சொல்லியிருப்பேனே டீச்சர்” என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

முத்துராஜ் தன்னிடம் மட்டும் சொல்லியிருந்த மிச்சத்தை அந்தோணி அண்ணாச்சிதான் சொன்னார். மண்டபத்துச் சுவரோரம் நின்று, மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டு. அந்தப் படம் வந்ததிலிருந்து அந்தப் பாட்டை நம் ஆட்கள் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டார்களாம். கொடைக்கு அம்மன் ஊர்வலம் வரும்போது, ஸ்பீக்கர் கட்டிய வண்டியைக் கீழத்தெரு முக்கில் நிறுத்தி, ஸ்பீக்கரை அந்தத் தெருப் பக்கம் திருப்பி, அந்த ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுவார்களாம். போன வருடம் கீழத்தெரு ஆட்கள் நாலு பேர் வந்து, வீட்டில் நோயாளிகள் இருக்கிறார்கள், வண்டியை எடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கல் பறந்திருக்கிறது. செல்வத்தின் வலது கையைக் கம்பியால் அடித்திருக்கிறார்கள். டிராம்போனை இழுத்துத் தள்ளுகிற கை. “பைக்குல விழுந்தான்னு சொன்னது பொய்யி, டீச்சரம்மா. ஒங்க மனசு கஷ்டப்படும்னு அப்படிச் சொன்னான்” என்றார். அவர் சொல்ல வேண்டாம் என்று நினைத்ததை அதற்குப் பிறகுதான் சொன்னார்.

“நம்ம மாப்பிள்ளைத் தம்பியும் அன்னைக்கு வண்டி மேலதான் நின்னாரு.”

போன வருடக் கொடைக்கு நான் வரவில்லை, கண் ஆபரேஷன் செய்திருந்தேன். நீ பெங்களூரிலிருந்து வந்து அப்பாவோடு போனாய். திரும்பி வந்து, கண்ணில் கட்டோடு படுத்திருந்த எனக்குக் கோயில் திருநீறு பூசிவிட்டாய். “கொடை நல்லா இருந்துச்சாப்பா?” என்று கேட்டேன். “சூப்பரா இருந்துச்சும்மா” என்றாய். அந்தக் குரலில் ஒன்றும் இல்லை. அதில் எதையாவது கேட்டிருக்க வேண்டுமே என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். மூச்சை வைத்துப் பாட்டைக் கண்டுபிடிக்க உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

நான் மண்டபத்துக்குள் திரும்பி வந்தேன். ஃபோட்டோவுக்கு நின்றேன். அந்த ஃபோட்டோவைப் பார், நான் யாரோ போல இருப்பேன். மருமகள்தான் என் காதருகே குனிந்து, “அத்தை, அந்த டிரம்பெட் அண்ணன் ஏன் சாப்பிடாம போயிட்டாரு?” என்று கேட்டாள். அத்தனை பேர் இருந்த மண்டபத்தில் அதைக் கவனித்தவள் அவள் ஒருத்தி. நகையும் மாலையுமாக, தன் கல்யாணத்தன்று. நான் அவள் மாலையைச் சரிசெய்துவிட்டேன்.

மறுநாள் காலையில் இட்லிக்கு முன்னால் உன்னிடம் கேட்டேன். நீ ஒன்றையும் மறைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் அதிர்ச்சி. மறைத்திருந்தால், தப்பு என்று உனக்குத் தெரிந்திருக்கிறது என்று ஆறுதல் பட்டிருப்பேன். “நான் யாரையும் அடிக்கலம்மா. வண்டியில நின்னேன், அவ்வளவுதான். எல்லாரும்தான் நின்னாங்க” என்றாய். “அந்தப் பாட்டை முத்துராஜை ஊத வச்சிருக்கியேப்பா” என்றேன். “அவன் பேண்டுல இருக்கான், ஊதுதான். பாட்டுதானேம்மா” என்று சொல்லிவிட்டுச் சட்னி கேட்டாய். உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்தார். “கொடைன்னா அப்படி இப்படித்தான் இருக்கும், விடு” என்றார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. நம் வீட்டில் தெரியாதவள் நான் மட்டும்தான். நான் சட்னியை எடுத்து வைத்தேன்.

பாட்டுதானே என்று நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. இத்தனை வருடத்தில் வெறும் பாட்டு என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. அப்படி ஒன்று இருந்தால் ஊர் கூடி வாசிக்க ஒரு பேண்டு எதற்கு? வெறும் பாட்டாக இருந்தால் நீங்கள் ஏன் ஸ்பீக்கரைத் திருப்பினீர்கள்?

நீங்கள் பெங்களூர் போன பிறகு ஒரு நாள் நான் பஸ் ஏறிக் கீழத்தெருவுக்குப் போனேன். நம் ஊரில் பிறந்த பெண் இல்லை என்றாலும் வாழ்க்கைப்பட்டு இத்தனை காலத்தில் நான் அந்தத் தெருவுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. முத்துராஜின் அம்மா வாசலில் நின்றிருந்தாள். என்னை உள்ளே கூப்பிடுவதா வேண்டாமா என்று அவளுக்கு ஒரு கணம் தயக்கம், பிறகு நாற்காலியைப் போட்டாள். செல்வம் வந்து வணக்கம் சொன்னான். இடது கையால் சொன்னான். வலது முழங்கை முழுதாக நீளவில்லை. “வலி இருக்காப்பா?” என்றேன். “மழைக்குத்தான் டீச்சர்” என்றான். நான் பேண்டை விட்டு விலகிவிடுகிறேன் என்று முத்துராஜிடம் சொன்னேன். “நீங்க விலகி என்ன ஆவப்போவுது டீச்சர்? அப்புறம் நாங்க ஒங்களை வெரட்டிட்டோம்னு ஒரு பேச்சு வரும்” என்றான். வரச்சொல்லிக் கெஞ்சவும் எனக்கு வாய் வரவில்லை. அவனும் வருவேன் என்றோ வரமாட்டேன் என்றோ சொல்லவில்லை. அவன் அம்மா கொடுத்த கடுங்காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கருவிகளை எடுக்க விடாமல் எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்தேன். எனக்குத் தெரியாமல் நடந்தது என்ன என்பதை எல்லார் முன்னாலும் சொன்னேன். இனிமேல் ஒரு பாட்டை எடுப்பதற்கு முன், ‘இந்தப் பாட்டை நீங்க எங்க கேட்டிய?’ என்று ஒவ்வொருவரிடமும் கேட்கப்போகிறேன் என்றேன். அடுத்த கச்சேரிக்கு வைத்திருந்த பாட்டிலிருந்தே தொடங்கினோம். நர்ஸ் அதைத் தன் முதல் நைட் டியூட்டியில் பஸ்ஸில் கேட்டதாகச் சொன்னாள். பேக்கரிக்காரர் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லப் போய், பாதியில் நிறுத்தினார், எல்லாரும் சிரித்தோம். இன்னொரு பாட்டு, படகும் அலையும் வருகிற பாட்டு, நான் கடற்கரைக் கச்சேரியில் எப்போதும் வைப்பது. அந்தோணி அண்ணாச்சியின் முறை வந்தது. அவருடைய மச்சானின் உடல் கரை ஒதுங்கிய அன்று கரையோரக் கடையில் அது ஓடிக்கொண்டிருந்ததாம். “இத்தனை நாளும் நீங்க அதுக்கு டிரம் அடிச்சியளே அண்ணாச்சி!” என்றேன். “சனத்துக்குப் பிடிச்சிருக்கு, அடிச்சேன்” என்றார். நான் எத்தனை பேர் நெஞ்சில் குச்சியால் தட்டியிருக்கிறேனோ. முத்துராஜ் அன்று வந்திருந்தான். டிரம்பெட் கொண்டுவரவில்லை. கதவு பக்கம் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனான். அதற்குப் பிந்திய வாரம் பெட்டியோடு வந்தான். செல்வம் இன்னும் வரவில்லை. வருவான் என்று நான் சொல்ல மாட்டேன்.

இப்படி ஏதோ மூச்சு விடத் தொடங்கியிருந்த நேரத்தில்தான் முந்தாநாள் உன் செய்தி வந்தது. ஏன் அன்று குழம்பு வைக்கவில்லை என்று இப்போது புரிகிறதா? நீ கேட்ட அந்தப் பதிவில் தொடக்கத்தில் ஊதுவது யார் என்று உனக்குத் தோன்றவே இல்லையா? அண்ணன் மூச்சால் ஊதியதை, தம்பியின் கையை முறித்த அதே முக்கில், அவர்கள் அம்மா உள்ளே இருக்கும்போது, அந்தத் தெருவைப் பார்த்துப் போடப்போகிறீர்கள். யோசித்துச் செய்திருந்தால் நீ கொடியவன். யோசிக்காமல், சிரிக்கிற முகம் போட்டு, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கேட்டிருக்கிறாய். எது மேல் என்று எனக்குத் தெரியவில்லை. உன்னை நான் வளர்த்தேன், எனக்கே தெரியவில்லை.

அந்தப் பதிவு இப்போது என்னிடம் இல்லை. நேற்று முத்துராஜிடம் கொடுத்துவிட்டு என் ஃபோனிலிருந்து அழித்துவிட்டேன். ஊதியவன் அவன், அது அவனுடையது. உனக்கு வேண்டுமென்றால் அவனிடம் கேள். அவன் எண் உன்னிடம் இருக்கிறது. கல்யாண வீடியோவிலிருந்து எடுத்துக்கொள்வார்கள் உன் நண்பர்கள், அதை என்னால் தடுக்க முடியாது என்று தெரியும். அதனால் என்னால் முடிந்ததைச் செய்யப்போகிறேன். ஊர்வலம் வருகிற அன்று நான் கீழத்தெருவில் இருப்பேன். முத்துராஜின் வீட்டு வாசலில் உட்காருகிறேன் என்றுதான் கேட்டேன். அவன் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “எங்க வாசல்ல வேண்டாம் டீச்சர். நாங்கதான் ஒங்களைக் கூட்டியாந்து வச்சிருக்கோம்னு நாளைக்கு எங்க மேலதான் விடியும். தெரு முக்குல பஸ் ஸ்டாப் இருக்குலா, அங்கன உக்காருங்க. அது எல்லாருக்கும் பொது” என்றாள். அவள் சொன்னது சரி. வண்டி நிற்பதும் அந்த முக்கில்தான். ஸ்பீக்கரைத் திருப்பினால் முதலில் எனக்குத்தான் கேட்கும். உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். நேற்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. ஆனால் இன்று காலையில் அவராகவே, “ஊர்வலம் வாரது வெயில் நேரம், குடை கொண்டுபோ” என்றார்.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு எவ்வளவு இருக்கிறது என்று தெரியவில்லை. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பாட்டை ஒரு தடவை, ஸ்பீக்கருக்கு முன்னால் இருந்து கேள். வண்டி மேல் நின்று கேட்டால் அது வேறு பாட்டு.

இன்று மத்தியானம் மருமகளைக் கூப்பிட்டேன். நீ ஆபீஸில் இருந்தாய். உனக்குத் தெரியாமல் பேச வேண்டும் என்பதற்காக இல்லை. எழுதியவரை இதை அவளுக்குப் படித்துக் காட்டினேன், உன்னிடம் சொல்லச் சொன்னேன். கல்யாணத்தன்று அவள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் என்றேன். படித்து முடித்தேன். லைன் அறுந்துவிட்டதோ என்று, “இருக்கியாம்மா?” என்று கேட்டேன்.

“இருக்கேன் அத்தை. அந்த பஸ் ஸ்டாப்புல உக்கார இடம் இருக்கா?”

“சிமெண்டு பெஞ்சு ஒண்ணு கிடக்கு.”

“அப்போ நானும் வாரேன்” என்றாள்.

நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அந்தப் பெஞ்சில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம்.